மாநிறத் தங்கைக்கு முகூர்த்த ஒப்பனை: ட்ரையலில் முகம் சாம்பல் பூத்தது ஏன்?

குடியாத்தத்து அக்கா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தங்கைக்கு வைகாசியில் திருமணம். மண்டபம் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறது. முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் விடியற்காலை 4.30 மணி முதல் 6 மணிக்குள் முகூர்த்தம். தங்கை மாநிறத்தைவிட ஒரு படி ஆழ்ந்த நிறம். நெற்றியோரமும் வாயைச் சுற்றிய பகுதியும் இன்னும் கறுத்திருக்கும், கன்னம் மட்டும் சற்றே வெளிர்ந்திருக்கும். ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். பேருந்துக்கு வெயிலில் நின்று கறுத்ததாக வீட்டில் சொல்வார்கள், ஆனால் அவள் பிறந்த நிறமே அதுதான்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு அழகு நிலையத்தில் ட்ரையல் பார்த்தோம். அங்கிருந்தவர் அவளுடைய நிறத்தைக் கேட்கவும் இல்லை, கழுத்தைப் பார்க்கவும் இல்லை. "இரண்டு ஷேட் தூக்கிக் கொடுத்தால்தான் போட்டோவில் நிற்கும்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கிவிட்டார். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபோது எனக்கும் நன்றாகத்தான் தெரிந்தது. வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் பார்த்தால், திருநீறு பூசிப் பாதி துடைத்தது போல முகம் முழுக்கச் சாம்பல் படர்ந்திருந்தது. கண்ணுக்குக் கீழே இன்னும் மோசம். உதட்டில் பூசிய வெளிர் ரோஜா நிறம் சுண்ணாம்பு தடவியது போல இருந்தது. தங்கை ஒன்றும் சொல்லவில்லை, வீடு வந்து சேரும் வரை துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டே வந்தாள். முன்பணமாக 3000 ரூபாய் கொடுத்திருக்கிறோம்.

தவறு பொருளிலா, கையிலா, அல்லது இந்த நிறத்துக்கு ஒப்பனை இப்படித்தான் அமையுமா? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

சத்துவாச்சாரி ஒப்பனைக்காரி எழுதியது:

சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: இல்லை. நான் பதினோரு ஆண்டுகளாக மணப்பெண் ஒப்பனை செய்கிறேன். ஆழ்ந்த நிறத்தில் ஒப்பனை நிற்பது போல வெளிர் நிறத்தில் நிற்பதில்லை என்பது என் அனுபவம். தவறு அந்த "இரண்டு ஷேட் தூக்கு" என்ற சொல்லில்தான் இருக்கிறது.

முகத்தில் அடிப்பூச்சாகப் பூசும் ஃபவுண்டேஷனின் நிறம் பெரும்பாலும் நான்கு நிறப்பொடிகளின் கலவை. டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை ஒன்று. இரும்பு ஆக்சைடுகளில் மஞ்சள், சிவப்பு, கறுப்பு என மூன்று. ஷேட் வெளிர வெளிர அதில் வெள்ளையின் பங்கு கூடிக்கொண்டே போகும். பழுப்புத் தோலின் மேல் மெல்லிய வெள்ளைப் படலம் அமர்ந்தால் அது வெளுப்பாகத் தெரியாது, சாம்பலாகவே தெரியும். கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதியதைக் கையால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையும் வராது, கறுப்பும் வராது, இரண்டுக்கும் நடுவில் ஒரு நரைத்த நிறம் வரும். உங்கள் தங்கை முகத்தில் வந்தது அதுவே.

அடுத்தது சாயல், அதாவது அண்டர்டோன். ஒரே ஆழமுள்ள இரண்டு பெண்களில் ஒருத்தியின் தோலுக்குள் பொன்மஞ்சள் ஓடும். மற்றவளுக்குச் செம்பு ஓடும். இன்னொருத்திக்கு இலேசான பச்சை கலந்திருக்கும், அதை ஆலிவ் என்பார்கள். நம் பக்கத்துப் பெண்களில் பொன்சாயலும் ஆலிவும் நிறைய உண்டு. ரோஜாச் சாயலுள்ள ஃபவுண்டேஷனைப் பொன்சாயல் தோலில் பூசினால், ஆழம் சரியாக இருந்தாலும் முகம் தனியாகவும் கழுத்து தனியாகவும் நிற்கும். மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கச் சொல்லும் காணொளிகளை நம்ப வேண்டாம். பழுப்புத் தோலின் வழியாகப் பார்க்கும்போது ஏறக்குறைய எல்லோருக்கும் நரம்பு பச்சையாகத்தான் தெரியும். பாதிப் பேருக்கு நரம்பே தெரியாது.

ஷேட்டை எங்கே ஒப்பிடுவது என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். புறங்கையில் ஒப்பிடக் கூடாது, கன்னத்திலும் கூடாது. உங்கள் தங்கைக்குக் கன்னம் வெளிர்ந்திருப்பதால் கன்னத்தைப் பார்த்து எடுத்த ஷேட் நெற்றியிலும் வாயோரத்திலும் கட்டாயம் நரைக்கும். தாடையின் விளிம்பில் அடுத்தடுத்த மூன்று ஷேட்களை விரல் அகலக் கோடுகளாகக் கழுத்து வரை இழுத்து, காறை எலும்புப் பகுதியின் நிறத்தோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுவே அவளுடைய ஷேட். ஆனால் உடனே முடிவு செய்துவிடக் கூடாது, கால் மணி நேரமாவது காத்திருங்கள். தோலின் எண்ணெயோடு கலந்து காய்ந்தபின் பல ஃபவுண்டேஷன்கள் அரை ஷேட் இருண்டு சற்றே ஆரஞ்சாகும். எண்ணெய்ப் பசை உள்ள முகத்தில் இது கூடுதலாக நடக்கும்.

கண்ணடி இருட்டுக்கு, கருமையை மறைக்கும் பூச்சான கன்சீலரை வெளிர் நிறத்தில் நேரடியாகப் பூசியிருப்பார் என்று நினைக்கிறேன். அந்த இருட்டில் நீலச் சாயல் இருப்பதால் அதற்கு எதிர்நிறமான ஆரஞ்சுப் பூச்சை, அதாவது கரெக்டரை, முதலில் வைத்து அணைக்க வேண்டும். வெளிர் நிறத்தவருக்குப் பீச் நிறம் போதும், உங்கள் தங்கையின் ஆழத்துக்கு நல்ல ஆரஞ்சே வேண்டும், இன்னும் ஆழ்ந்தவர்களுக்குச் செங்கல் சிவப்பு வரை போகலாம். அரிசி மணி அளவு எடுத்து, இருண்ட இடத்தில் மட்டும் விரல் நுனியால் தட்டி வைத்தால் போதும்; கன்னத்துக்கு இழுத்துவிட்டால் அது வேறு திருவிழாவாகிவிடும். அதன்மேல் தோலின் நிறத்திலேயே கன்சீலர். வாயைச் சுற்றிய கருமைக்கும் இதே முறைதான்.

லாங் பஜார் கடைக்காரன் எழுதியது:

மேலே அம்மா எழுதியதோடு கடைக்காரன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். டப்பாவில் உள்ள எழுத்துகளைப் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள். பல நிறுவனங்களில் 'டபிள்யூ' என்றால் பொன்சாயல், 'சி' என்றால் ரோஜாச் சாயல், 'என்' என்றால் இரண்டுக்கும் நடு. மேக் நிறுவனத்தின் எண்களில் மட்டும் இது தலைகீழ்: 'என்சி' என்பது பொன்சாயல் தோலுக்கும் 'என்டபிள்யூ' என்பது ரோஜாச் சாயல் தோலுக்கும் உரியது. இதை அறியாமல் மாற்றி வாங்கிவந்து, போலிப் பொருள் கொடுத்துவிட்டீர்கள் என்று சண்டைக்கு நின்றவர்கள் உண்டு.

ஒரு குறையையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் தெருக் கடைகளில் வெளிர் ஷேட்கள் மூன்று வரிசை அடுக்கியிருக்கும், ஆழ்ந்த ஷேட்கள் கடைசித் தட்டில் இரண்டோ மூன்றோதான் கிடக்கும். வாங்குகிறவர்கள் வெளிர் ஷேட்டையே கேட்கிறார்கள் என்று நாங்கள் சொல்கிறோம், கடையில் அதுதானே இருக்கிறது என்று அவர்கள் சொல்கிறார்கள். 2017இல் ஃபென்டி நிறுவனம் 40 ஷேட்களோடு வந்தபிறகு மற்ற நிறுவனங்களும் பட்டியலை நீட்டின, ஆனால் அந்தப் பட்டியல் முழுதாக வேலூர் வரை வந்து சேர்வதில்லை. கடைக்கு வருகிறவர்கள் பகல் வெளிச்சத்தில் வாருங்கள். கோடு போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து கண்ணாடியைப் பாருங்கள். நல்ல கடைக்காரர் அதைத் தடுக்க மாட்டார்.

ராணிப்பேட்டைப் பெரியம்மா எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் நான் மூன்று பெண்களுக்குத் திருமணம் செய்து வைத்தவள் என்ற உரிமையில் ஒரு சொல். கல்யாணப் பெண் அன்றைக்கு ஒருநாள் கொஞ்சம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று நினைப்பது பாவமா? மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்தில் முதல் வார்த்தையே "பொண்ணு கலரா?" என்பதுதான். நீங்கள் எல்லோரும் அறிவாக எழுதுகிறீர்கள், அந்தக் கூட்டத்தில் நின்று பதில் சொல்கிறவள் பெண்ணின் தாய். அரை ஷேட்டாவது ஏற்றிக் கொடுங்கள் என்று கேட்பதை நான் தவறாக நினைக்கவில்லை. எங்கள் காலத்தில் பவுடர் டப்பாவும் கண்மையும் மட்டுமே இருந்தன. அந்தப் பவுடரும் வெள்ளைதான், யாரும் செத்துவிடவில்லை.

குடியாத்தத்து அக்கா எழுதியது:

பெரியம்மா, உங்கள் கவலை எங்கள் அம்மாவுக்கும் இருக்கிறது. ட்ரையலுக்குப் போகும்போது "கொஞ்சம் தூக்கலாகவே போடச் சொல்" என்று சொல்லி அனுப்பியதும் அவர்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அவரே அன்று இரவு சாப்பிடவில்லை. தூக்கியதால் பெண் சிவந்துவிடவில்லை, நோயாளி போலத்தான் தெரிந்தாள்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று வேலூரைப் பற்றிய பழைய பழிச்சொல்லில், அழகில்லாத பெண்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள் என்று எங்கள் ஆயா சிரித்துக்கொண்டே கூறுவார். கோட்டைக் கோயிலுக்குள் 1981இல் ஜலகண்டேசுவரர் திரும்ப வந்துவிட்டார். மற்றதையும் யாரோ வெயிலில் கறுத்த பெண்களைப் பார்த்து எழுதியிருப்பார்கள் போலும்.

சத்துவாச்சாரி அம்மாவுக்கு ஒரு கேள்வி: முகூர்த்த ஒப்பனை இரவு 2 மணிக்குத் தொடங்குமே, அப்போது பகல் வெளிச்சத்துக்கு எங்கே போவது?

காட்பாடிப் படக்காரன் எழுதியது:

இந்தக் கேள்விக்கு நான் விடை சொல்லலாம் என்று நினைக்கிறேன். பதினான்கு ஆண்டுகளாக இந்த மாவட்டத்து மண்டபங்களில் படம் எடுக்கிறேன். ஒப்பனைக் கலைஞர்கள் மீது விழும் பழியில் பாதியாவது மணமகள் அறையின் விளக்குக்கும் எங்கள் கேமராவுக்கும் உரியது.

மணமகள் அறையில் பெரும்பாலும் விலை மலிவான வெள்ளை எல்இடி குழல்விளக்குகள் இருக்கின்றன. அவற்றில் சிவப்பு ஒளி குறைவு. தோலின் செம்மையும் பொன்மையும் அந்த ஒளியில் மங்கிவிடுவதால், ஒப்பனை செய்கிறவர் அது குறைவதாக எண்ணி வெளிர் நிறத்தையும் ரோஜாவையும் கூட்டிக்கொண்டே போவார். மேடைக்கு வந்ததும் வீடியோக்காரர் மஞ்சள் கலந்த பெரிய விளக்கைப் போடுவார். அதற்குப் பிறகு கோயிலுக்குப் போனால் காலை வெயில். மூன்று ஒளியில் ஒரே முகம் மூன்று முகமாகிவிடும். கலைஞர் தம்முடன் ஒரு விளக்கு கொண்டுவர வேண்டும். அதன் பெட்டியில் சிஆர்ஐ எனப்படும் நிறங்காட்டும் அளவு 90க்கு மேல் என்று அச்சிட்டிருக்க வேண்டும், ஒளியின் நிறம் பகலொளிக்கு நெருக்கமான 5000 முதல் 5600 கெல்வின் வரையில் இருந்தால் போதும். அறையின் குழல்விளக்கை அணைத்துவிட்டு அந்த ஒளியில் மட்டும் செய்யச் சொல்லுங்கள்.

ஃப்ளாஷில் முகம் மட்டும் வெள்ளையாகப் பளீரிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் மேலே தூவும் வெள்ளைப் பவுடர். சிலிக்கா நிறைந்த அந்தப் பவுடர் கண்ணுக்கு நிறமற்றுத் தெரிந்தாலும் ஃப்ளாஷின் ஒளியை நேராகத் திருப்பி அடிக்கும். சன்ஸ்கிரீனில் உள்ள டைட்டானியமும் துத்தநாகமும் அப்படியே. ட்ரையல் முடிந்ததும் கைப்பேசியில் ஃப்ளாஷ் போட்டு ஒன்றும், போடாமல் ஒன்றுமாக இரண்டு படம் எடுத்துப் பாருங்கள். ஐந்து நிமிடச் சோதனை, ஆல்பத்தைக் காப்பாற்றும்.

எங்கள் தொழிலின் குற்றத்தையும் சொல்கிறேன். வண்ணப் படச்சுருள் காலத்தில் கோடக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய நிற அளவு அட்டையில் வெள்ளைத் தோலுள்ள ஒரு பெண்ணின் படமே இருந்தது; ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. ஆழ்ந்த நிறத்தவர் இருட்டாக விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது கேமராக்கள் மாறிவிட்டன, எங்கள் கை மாறவில்லை. வெள்ளை வேட்டி கட்டிய மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஒன்றாக எடுக்கும்போது முகத்தை வெளுக்க வைக்க ஒளியைக் கூட்டுகிறோம். ஆல்பம் திருத்தும்போது இன்னொரு முறை வெளுக்கிறோம். முன்கூட்டியே உங்கள் படக்காரரிடம் "நிறத்தை ஏற்ற வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ஏற்றத்தான் செய்வார், ஏனென்றால் ஏற்றாததற்குத்தான் எங்களுக்குத் திட்டு விழுகிறது.

இன்னொரு சிறு குறிப்பு: ட்ரையலின்போது முகூர்த்தப் புடவையைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். ஆரணிப் பட்டின் கிளிப்பச்சை தாடைக்கு அடியில் பச்சையாகவே பிரதிபலிக்கும், அரக்கு சிவப்பாகப் பிரதிபலிக்கும். அதை அறியாமல் கழுத்து நிறத்தைக் குறை சொல்வார்கள்.

செய்யாற்றுக் கூத்தன் எழுதியது:

ஐயா, அம்மா, நான் தெருக்கூத்தில் வேடம் கட்டுகிறவன். பெண்களின் கல்யாண ஒப்பனையில் எனக்கு என்ன வேலை என்று தோன்றலாம். ஆனால் வெள்ளையைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

எங்களுக்கு ஒப்பனை என்றாலே அரிதாரம்தான். அந்தச் சொல் மஞ்சள் நிறக் கனிமம் ஒன்றின் பெயர், ஆர்செனிக் கலந்த நஞ்சு. இன்று யாரும் அதை முகத்தில் பூசுவதில்லை, சொல் மட்டும் எஞ்சியிருக்கிறது. முத்துவெள்ளையைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, அதில் வண்ணப் பொடி சேர்த்து, கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நாங்களே எழுதிக்கொள்கிறோம். கற்றுக்கொள்ளும்போது வாத்தியார் எனக்கு முதலில் சொன்னது, வெள்ளையை வெறுந்தோலில் வைக்காதே என்பதுதான். நம் தோலில் வெறும் வெள்ளை வைத்தால் பிணம் போலத் தெரியும். அதில் ஒரு சிட்டிகை மஞ்சளும் ஒரு துளி சிவப்பும் விழுந்தால்தான் உயிர் வரும். பெண் வேடம் கட்டும்போது இதை நன்றாக உணர்ந்திருக்கிறேன். மூன்று ஆண்டுகள் துரோபதை கட்டினேன். வெள்ளையைக் குறைத்து மஞ்சளைக் கூட்டிய இரவுகளில் முன்வரிசைக் கிழவிகள் என்னை உற்றுப் பார்த்ததே தனி.

கூத்து விடிய விடிய நடக்கும். தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கண்ணும் புருவமும் வாயும் தெரிந்தால் போதும், நிறத்தை யாரும் கேட்பதில்லை. கறுத்த முகத்தில் மை எழுதியும் எழுதாமலும் இருப்பதைப் பாருங்கள். கண் இரண்டு மடங்காகும். உங்கள் தங்கைக்கு ஃபவுண்டேஷனைக் குறைத்துக் கண்ணுக்கு நேரம் கொடுக்கச் சொல்லுங்கள் என்பது என் எண்ணம். பெரியம்மா கேட்ட "பளிச்" அங்கிருந்து வரும்.

ராணிப்பேட்டைப் பெரியம்மா எழுதியது:

கூத்துக்காரத் தம்பி சொல்வது என் மனத்தில் பட்டது. எனக்கு நலங்கில் பூசிய மஞ்சளும் கண்மையும் இருந்த படம் இன்றும் வீட்டில் இருக்கிறது. பவுடர் அப்பிய வரவேற்புப் படத்தைவிட அதுவே நன்றாக இருக்கிறது என்று மருமகள் சொல்வாள்.

பாகாயம் செவிலி எழுதியது:

நான் ஒரு மருத்துவமனையின் தோல் பிரிவில் பணிபுரிகிறேன். திருமணத்துக்கு இரண்டு மாதம் முன்பு எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வரும் பெண்களில் பலர், ஒப்பனைக்கு முன்னால் செய்துகொண்டவற்றால் முகம் கெட்டுப்போய் வருகிறவர்கள். ஆகவே சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, நிறக்களிம்பு. சிவப்பழகுக் களிம்பின் மோகம் இங்கே பழையது. ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் வந்தது, 2020இல்தான் அதன் பெயரிலிருந்த 'ஃபேர்' நீங்கியது. அதைவிட ஆபத்தானவை மருந்துச் சீட்டில்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளும், பெயர் ஊர் தெரியாத டப்பாக்களில் வரும் பாதரசக் களிம்புகளும். ஸ்டீராய்டு களிம்பு முதல் மூன்று வாரம் முகத்தை வெளுத்துப் பளபளப்பாக்கும். நிறுத்தியதும் முகம் சிவந்து எரியும், பரு கொப்புளிக்கும், மெல்லிய முடி வளரும், தோல் தாள் போல மெலிந்துபோகும். பாதரசம் சிறுநீரகத்தையே கெடுக்கும். கல்யாணத்துக்குள் இரண்டு ஷேட் ஏற்றித் தருகிறேன் என்று சொல்கிறவர் எவரானாலும், கையில் என்ன வைத்திருக்கிறார் என்று கேளுங்கள்.

இரண்டாவது, பழுப்புத் தோலின் தனிக்குணம். நிறமிச் செல்களின் எண்ணிக்கை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நம் தோலில் அவை உண்டாக்கும் நிறமித் துகள்கள் பெரியவை, அவை பரவியிருக்கும் முறையும் வேறு. இதனால் வெயிலைத் தாங்கும் ஆற்றல் கூடுதல், ஆனால் சின்னக் காயம் பட்டாலும் அந்த இடம் கறுத்து மாதக்கணக்கில் நிற்கும். ஆகவே ப்ளீச், புதிய ஃபேஷியல், அழுத்தித் தேய்க்கும் ஸ்க்ரப் எதையும் கடைசி இரண்டு வாரத்தில் முயல வேண்டாம். வேலூர் வெயிலுக்குச் சன்ஸ்கிரீன் தேவைதான். வெள்ளை படிகிறதென்று பலர் விட்டுவிடுகிறார்கள். இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் வெள்ளை படியாது. நம் தோலைக் கறுக்க வைக்கும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அது ஓரளவு தடுக்கும், வெள்ளைச் சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை.

இப்போது சில அழகு நிலையங்களில் "உங்களுக்கு டைப் 5 தோல்" என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அது ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற தோல் மருத்துவர் 1975இல் வகுத்த அளவு. வெயிலில் தோல் எரிகிறதா கறுக்கிறதா என்பதைக் கொண்டு, ஒளிச் சிகிச்சையின் அளவைத் தீர்மானிக்க உருவானது. பழுப்புக்கும் கறுப்புக்கும் உரிய 5, 6ஆம் வகைகள் பின்னால்தான் சேர்க்கப்பட்டன. ஃபவுண்டேஷன் வாங்க அது உதவாது.

கழுத்தைப் பார்த்து ஷேட் எடுக்கச் சொன்னார்கள். அதற்கு ஒரு விலக்கு உண்டு. சிலருக்குக் கழுத்தின் பின்புறமும் மடிப்புகளும் கறுத்துத் தடித்து வெல்வெட் துணி போல இருக்கும். அது அழுக்கும் அல்ல, வெயிலும் அல்ல. இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறியாக இருக்கலாம். கன்சீலர் பூசி மறைப்பதற்கு முன் இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஒப்பீட்டுக்குக் காறை எலும்பும் மார்பின் மேற்பகுதியுமே சரி.

கடைசியாக, புதிய பொருள் எதுவானாலும் முழங்கையின் உட்புறத்தில் வைத்து 48 மணி நேரம் பார்த்துவிடுங்கள். ஸ்டிக்கர் பொட்டின் பசையிலுள்ள ஒருவகை ஃபீனால் சிலருக்கு நெற்றியில் வெண்புள்ளியையே உண்டாக்கும். அரிப்பு வந்த பொட்டைத் தொடர்ந்து வைக்க வேண்டாம்.

சத்துவாச்சாரி ஒப்பனைக்காரி எழுதியது:

செவிலி அம்மா எழுதியதை என் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிவைக்கப் போகிறேன். கூத்துக்காரர் சொன்னதையும் ஏற்கிறேன், ஒரே ஒரு மாற்றத்துடன்: ஃபவுண்டேஷனைக் குறைப்பது என்றால் இல்லாமல் செய்வது அன்று. வைகாசியில் கத்திரி வெயில் இன்னும் இறங்கியிருக்காது, ஓமகுண்டத்தின் முன்னால் ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டும். தடிமனாகப் பூசியது வியர்வையில் பாளம் பாளமாக வெடிக்கும். மெல்லிய இரண்டு பூச்சாக ஈரப் பஞ்சால் அழுத்தி வைத்தது நிற்கும். வியர்த்தால் டிஷ்யூவால் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள், அதன்மேல் பவுடரை அப்பினால் மீண்டும் சாம்பல்தான். பவுடர் வேண்டுமென்றால் மஞ்சள் சாயல் கொண்டதையோ தோலின் நிறத்திலேயே உள்ளதையோ மூக்கோரமும் நெற்றி நடுவும் மட்டும் வையுங்கள்.

நலங்கைப் பற்றி எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ட்ரையலன்று பார்த்த தோல் வேறு, மூன்று நாள் மஞ்சள் பூசிக் குளித்த தோல் வேறு. சென்ற ஆண்டு எனக்கே இந்தச் சறுக்கல் நேர்ந்தது. அருமையாகப் பொருந்திய ஷேட் முகூர்த்தத்தன்று ரோஜாவாகத் தெரிந்தது. நல்லவேளையாகப் பெட்டியில் மஞ்சள் கலப்பான் இருந்தது, இரண்டு துளி விட்டுச் சரிசெய்தேன். மஞ்சள் பூசுவதை முகத்துக்கு மட்டும் ஒரு நாள் முன்னதாக நிறுத்திவிட்டு, பயத்தம் மாவால் கழுவச் சொல்லுங்கள். கலைஞரிடம் நலங்கு எப்போது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

உதட்டுக்கு வருவோம். அவளுக்கு மேலுதடு கறுத்தும் கீழுதடு சிவந்தும் இருக்கிறதா? பழுப்புத் தோலில் இது மிக இயல்பு. பழுப்பு நிற லைனரால் ஓரம் கட்டி உள்ளேயும் நிரப்பிய பிறகு நிறத்தை வைத்தால் இரண்டு உதடும் ஒன்றாகும். வெளிர் ரோஜாவிலும் வெளிர் பீச்சிலும் வெள்ளை கலந்திருப்பதால் அவை உங்கள் தங்கைக்கு வேண்டாம். முகூர்த்தத்துக்கு அரக்கு, செங்கல், நாவல்பழம். மென்மையாக வேண்டுமென்றால் அவளுடைய உதட்டைவிட ஒரு படி ஆழ்ந்த பழுப்பு ரோஜா. கன்னத்துக்கும் அப்படியே: டப்பாவில் பார்த்தால் பயமுறுத்தும் செம்பருத்தி நிறமும் துரு நிறமும்தான் ஆழ்ந்த கன்னத்தில் இரத்த ஓட்டம் போலத் தெரியும், ஆனால் தூரிகையைத் தட்டிவிட்டுத் தொட வேண்டும். மினுக்குக்குப் பொன்னும் செம்பும். வெள்ளி மினுக்கை வைத்தால் கன்னத்தில் பாத்திரம் துலக்கிய சாம்பல் போலிருக்கும். கண்ணுக்கு என்ன வேண்டுமானாலும் போடலாம். மயில்கழுத்தும் கரும்பச்சையும் இந்த நிறத்தில்தான் எடுபடும், வெளிர்ந்த முகத்தில் அவை அடிபட்ட காயம் போலத் தெரியும். எனக்கு இது ஒரு பக்கச்சார்பு, ஒப்புக்கொள்கிறேன்.

முன்பணத்தைப் பற்றி: அவரையே இன்னொரு ட்ரையல் கேளுங்கள். சொல்வதைக் கேட்கிறவரானால் ஷேட் மாற்றினாலே போதும். கேட்காதவரானால் 3000 ரூபாய் போனால் போகிறது.

குடியாத்தத்து அக்கா எழுதியது:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். அதே நிலையத்துக்குத்தான் மீண்டும் போனோம், இந்த முறை அரக்குப் புடவையையும் எடுத்துக்கொண்டு காலை பதினோரு மணிக்கு. அவர் முதலில் முகம் சுளித்தார். "பிறகு போட்டோ டல்லாக வந்தால் என்னைக் கேட்கக் கூடாது" என்றார். தாடையில் மூன்று கோடு போடச் சொன்னேன். அவரிடம் இருந்த இரண்டு ஆழ்ந்த ஷேட்களில் ஒன்று ரோஜா, ஒன்று மஞ்சள். மஞ்சளில் கால் பங்கு ரோஜாவைக் கலந்து இழுத்தபோது, வாசல் வெளிச்சத்தில் அந்தக் கோடு தேடினாலும் தெரியவில்லை. அதன்பிறகு அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது. ஆரஞ்சு கரெக்டர் அவரிடம் இல்லை, செங்கல் நிற லிப்ஸ்டிக்கை விரலில் தொட்டுக் கன்சீலருக்கு முன் கண்ணடியில் தட்டிப் பார்த்தார், நிறம் அடங்கிவிட்டது. ஆனால் சற்று நேரத்தில் அங்கே இலேசாக எரிகிறது என்று தங்கை சொன்னாள், உடனே துடைத்துவிட்டோம். கரெக்டரைத் தனியாக வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஃப்ளாஷ் போட்டும் போடாமலும் படம் எடுத்தோம், கழுத்தும் முகமும் ஒன்றாக இருக்கின்றன. அம்மா படத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, "இவள் என் மாமியார் மாதிரி இருக்கிறாள்" என்றார். அது பாராட்டா என்று எங்களுக்குத் தெரியவில்லை, தங்கை மட்டும் சிரித்தாள். அவள் ஆயாவின் செல்லம்.

ஒரே ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. வரவேற்புக்கு மாப்பிள்ளை வீட்டார் வெளிர் லாவண்டர் நிறத்தில் லெகங்கா எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதற்கு உதட்டில் என்ன வைப்பது?

சத்துவாச்சாரி ஒப்பனைக்காரி எழுதியது:

நாவல்பழம். லாவண்டருக்கு லாவண்டர் உதடு வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள். கண்ணுக்கு வெள்ளி வேண்டாம், கரும்புகை நிறத்தில் ஊதா கலந்து செய்யட்டும். கழுத்தில் பழம்பொன் நகை இருந்தால் முகத்துக்கும் துணிக்கும் நடுவே அது இணைப்பாக நிற்கும். கரெக்டரை இப்போதே வாங்கி முழங்கையில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.